குற்றச் செய்தியும் நம் பயமும்: ஓர் எளிய விளக்கம்

"முந்தி இப்பிடி இல்ல, இப்ப எங்க பார்த்தாலும் வெட்டும் களவும்தான்."

மட்டக்களப்பு பஸ் நிலையத்திலும் கல்முனைச் சந்தையிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சொல்பவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது என்றால், அவருடைய 'முந்தி'க்குள் 1990ஆம் ஆண்டும் அடங்கும். அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக முகாமில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. நான்கு நாள் கழித்து சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டார்கள். இவ்வளவையும் பார்த்த ஒரு தலைமுறை, இன்றுதான் நாடு கெட்டுப்போய்விட்டது என்று மனதார நம்புகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அந்தத் தோற்றம் எப்படி உண்டாகிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சாதாரண விஷயம். நம்மில் பெரும்பாலானோர் கொலையை நேரில் கண்டதில்லை. நீதிமன்றத்தில் ஒரு வழக்கை முழுதாக இருந்து கேட்டதில்லை. சிறைக்குள் போனதில்லை. ஆனால் குற்றம் கூடிவிட்டதா, குற்றவாளி எப்படிப்பட்டவன், அவனை என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றுக்கும் நம்மிடம் உறுதியான பதில் இருக்கிறது. அந்தப் பதில் பத்திரிகையிலிருந்தும் இரவு ஏழு மணிச் செய்தியிலிருந்தும் இப்போது கைத்தொலைபேசியிலிருந்தும் வந்தது. ஊடகம் குற்றத்தைப் பற்றிய நம் எண்ணத்தை வடிவமைக்கிறது என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

ஊடகங்கள் எல்லாம் பொய் எழுதுகின்றன என்று இதற்கு அர்த்தமில்லை. அநேகமான குற்றச் செய்திகள் நடந்ததைத்தான் சொல்கின்றன. சிக்கல் தெரிவில் இருக்கிறது. அரிதாக நடப்பது செய்தியாகிறது, தினமும் நடப்பது செய்தியாவதில்லை. வாசிப்பவர் மனதில் அது தலைகீழாகப் பதிகிறது. செய்தியில் அடிக்கடி வருவதை, வாழ்க்கையிலும் அடிக்கடி நடப்பதாக எடுத்துக்கொள்கிறோம்.

இது நம் மூளையின் வழக்கம். டானியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் இதை எழுதினார்கள்: ஒன்று எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று கேட்டால், மனிதர் எண்ணிப் பார்ப்பதில்லை, உதாரணம் எவ்வளவு சுலபமாக நினைவுக்கு வருகிறது என்று பார்க்கிறார். இலங்கையில் வீதி விபத்தில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். கொலையுண்டு இறப்பவர்கள் சில நூறு பேர். ஆனாலும் பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் தலைக்கவசம் இல்லாமல் நிறுத்திக்கொண்டு போகிற தகப்பனுக்கு, வீட்டு மதிலைத் தாண்டி வரக்கூடிய கள்வன்மேல்தான் பயம். கள்வனின் முகத்தைத் தொலைக்காட்சி காட்டியிருக்கிறது. விபத்து உள்பக்கத்தில் நான்கு வரியோடு போய்விடும்.

ஜோர்ஜ் கெர்ப்னர் என்பவர் அமெரிக்காவில் 1960களின் பிற்பகுதியிலிருந்து தொலைக்காட்சியில் வரும் வன்முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் கண்டது: நிறைய நேரம் தொலைக்காட்சி பார்ப்பவர்கள், உலகம் உண்மையில் இருப்பதைவிடக் கொடியது என்றும் மனிதரை நம்பவே கூடாது என்றும் எண்ணும் போக்கு கூடுதல். அதே நாட்டில் 1990களுக்குப் பிறகு குற்றம் பெருமளவு குறைந்தது. ஆனாலும் அநேகமான ஆண்டுகளில் கருத்துக்கணிப்பில் பெரும்பான்மையோர் "நாட்டில் குற்றம் கூடிவிட்டது" என்றே சொன்னார்கள். "உங்கள் பகுதியில்?" என்று கேட்டால், அப்படிச் சொன்னவர்கள் குறைவு. தன் ஒழுங்கையைக் கண்ணால் பார்க்கிறார்கள், நாட்டைச் செய்தியில் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

நம் பக்கத்துச் செய்தித்தளங்களில் கிழமைக்குப் பல தடவை இப்படி ஒன்று வரும்: "ஐஸ் போதைப்பொருளுடன் 24 வயது இளைஞன் கைது." கீழே ஒரு படம். மேசையில் சிறு பொதி, ஒரு கைத்தொலைபேசி, கொஞ்சம் பணத்தாள். பின்னால் தலையைக் குனிந்தபடி ஒரு பொடியன்.

இது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பொலிஸ் தந்த தகவல், பொலிஸ் எடுத்த படம். பிரதேசச் செய்தியாளருக்கு மாதச் சம்பளம் இருப்பது அரிது. செய்திக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பனவு, அதுவும் சொற்பம். அவர் ஒரு வழக்கை இரண்டு மூன்று ஆண்டு பின்தொடர்ந்து எழுதினால் பெற்றோல் காசும் மிஞ்சாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விளைவைப் பாருங்கள். குற்றம் பற்றி நமக்குக் கிடைக்கும் கதை கைதோடு தொடங்கி, "நீதிமன்றில் ஆஜர்படுத்த நடவடிக்கை எடுத்துள்ளனர்" என்ற வரியோடு முடிகிறது.

அதற்குப் பிறகுதான் உண்மையான கதை இருக்கிறது. நீதவான் விளக்கமறியலில் வைக்கிறார். தவணை தவணையாக வழக்குத் தள்ளிப்போகிறது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வர மாதக்கணக்காகும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வீட்டு நகை அடகுக்குப் போகிறது. கடைசியில் குற்றவாளியாகக் காணப்படலாம், அல்லது சான்று போதாமல் விடுவிக்கப்படலாம். விடுவிக்கப்பட்டால் அதை எழுத யாரும் இல்லை. ஊருக்கு அவன் அந்தப் படத்தில் இருந்த பொடியன்தான். இணையத்தில் அவனுடைய பெயரைத் தேடினால் முதலில் வருவதும் அந்தப் படம்தான். கலியாணம் பேசும்போது வரும், வேலைக்குப் போகும்போதும் வரும்.

2023 டிசெம்பரில் பொலிஸ் போதைப்பொருளுக்கு எதிராக 'யுக்திய' என்ற நடவடிக்கையைத் தொடங்கியபோது கெமராக்கள் வீட்டுக்குள்ளேயே போயின. மோப்பநாய் அலுமாரியை முகர்வதையும், தாய்மாரும் சின்னப் பிள்ளைகளும் ஓரமாக நிற்பதையும் நாடு முழுவதும் பார்த்தது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பது நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அந்தக் காட்சியைப் பார்த்த எத்தனை பேருக்கு அது நினைவுக்கு வந்திருக்கும்?

'சந்தேகநபர்' என்ற சொல்லைச் செய்தியில் போடுகிறார்கள், சரி. ஆனால் படம் அந்தச் சொல்லைவிட உரக்கப் பேசுகிறது.

கிறீஸ் பூதமும் மாவுக் கட்டியும்

இங்கிலாந்தின் கடற்கரை நகரமான கிளாக்டனில் 1964இல் இரண்டு இளைஞர் கூட்டங்கள் மோதிக்கொண்டன. சேதம் பெரிதாக இல்லை. பத்திரிகைகள் போர் நடந்தது போல எழுதின. மக்கள் பயந்தார்கள், பொலிஸ் கெடுபிடி கூடியது, நீதவான்கள் கடுமை காட்டினார்கள், அதைப் பார்த்து இன்னும் கூடுதலாகச் செய்தி வந்தது. ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் இந்தச் சுழலை ஆராய்ந்து 1972இல் வெளியிட்டார். சமூகம் தன் பயத்தை எல்லாம் ஏற்றிவைக்க ஒரு பூதத்தைத் தேடிக்கொள்கிறது என்றார் அவர்.

பூதம் என்றால் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஓகஸ்ட் மாதம் கிழக்கில் 'கிறீஸ் பூதம்' உலாவிய மாதம். உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைத் தாக்குகிறான் என்று பொத்துவிலில் இருந்து ஓட்டமாவடி வரை பேச்சு. பொழுதுபட்டால் பெண்கள் கிணற்றடிக்கும் போகவில்லை. ஆண்கள் பொல்லோடு காவல் இருந்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள், புத்தி சுவாதீனம் இல்லாதவர்கள் அடிபட்டார்கள். பல இடங்களில் மக்களும் படையினரும் மோதினார்கள், புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். இதை வெறும் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. தாங்கள் தாக்கப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டார்கள், அந்த முறைப்பாடுகள் ஒழுங்காக விசாரிக்கப்படவில்லை என்ற கோபம் நியாயமானது. போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, சீருடையை நம்ப யாருக்கும் மனம் இல்லை. அந்தப் பயத்துக்கு வேர் இருந்தது. ஆனால் 'நேற்று அந்த ஊர், இன்று இந்த ஊர்' என்று ஒவ்வொரு செய்தியும் அடுத்த ஊரை விழித்திருக்கச் செய்தது. விழித்திருந்த ஊருக்கு ஒவ்வொரு நிழலும் பூதமாகத் தெரிந்தது.

ஏழு வருடத்துக்குப் பிறகு அம்பாறை நகரில் நடந்தது இன்னும் கொடியது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட வந்தவர் தன் உணவில் ஏதோ கட்டியாக இருப்பதைக் கண்டார். சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் குளிசை என்று சத்தம் போட்டார். கூட்டம் கூடிவிட்டது. காசுப்பெட்டியில் இருந்தவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. "மருந்து போட்டாயா?" என்று சுற்றி நின்று கேட்டார்கள். பயத்தில் அவர் 'ஓம்' என்பது போல ஏதோ சொன்னார். அதை வீடியோ எடுத்தார்கள். அன்றிரவே கடையும் பக்கத்துப் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. வீடியோ முகநூலில் நாடெங்கும் பரவியது. அடுத்த வாரம் கண்டி மாவட்டம் திகணையில் வன்முறை வெடித்தபோது அந்த எரிகிற நெருப்பில் இதுவும் எண்ணெயாக இருந்தது. அரசு அவசரகால நிலையை அறிவித்தது, சமூக ஊடகங்களை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியது.

அந்தக் கட்டியை இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்பினார்கள். மாவு. கரையாமல் கிடந்த மாவுக் கட்டி. அப்படி ஒரு குளிசையே உலகத்தில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இலங்கை வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. கடைக்காரருக்கு அதனால் என்ன பயன்?

இந்தச் சம்பவத்தில் இங்கே பார்க்க வேண்டியது அந்த வீடியோதான். கெமரா முன்னால் ஒருவர் ஒப்புக்கொண்டால் அதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. சட்டம் அப்படி நினைக்கவில்லை. நம் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, பொலிஸ் அலுவலரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் சான்றாக எடுக்க முடியாது. பயந்த மனிதன் எதையும் ஒப்புக்கொள்வான் என்று தெரிந்துதான் அந்த விதியை வைத்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்த விதியைத் தளர்த்தியது. அதன் விளைவைத் தமிழர்கள் நாற்பது வருடமாக அனுபவிக்கிறோம், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்களும் அனுபவித்தார்கள். அப்படிப்பட்ட நாமே, ஒருவரைச் சுற்றி நின்று மிரட்டி எடுத்த வீடியோவை வட்ஸ்அப்பில் பார்த்தால் "ஒத்துக்கொண்டான் பார்" என்று அடுத்தவருக்கு அனுப்புகிறோம். இதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

யாருக்காக அழுகிறோம்

பாதிக்கப்பட்டவர் என்றால் யார் நினைவுக்கு வருகிறார்? நில்ஸ் கிறிஸ்டி என்ற நோர்வே நாட்டுக் குற்றவியலாளர் 1986இல் ஒரு படத்தை வரைந்தார். வயதான சிறு உருவமுள்ள பெண், நோயாளியான சகோதரியைப் பராமரித்துவிட்டு நடுப்பகலில் வீடு திரும்புகிறாள். பெரிய உருவமுள்ள, முன்பின் தெரியாத ஒருவன் அடித்துப் பையைப் பறித்துக்கொண்டு போகிறான். இவளுக்காக எல்லோரும் அழுவார்கள். பலவீனமானவள், நல்ல காரியத்துக்குப் போனவள், போகக்கூடாத இடத்துக்குப் போகாதவள், அடித்தவன் அந்நியன். இதில் ஒன்று மாறினாலும் அனுதாபம் குறைந்துவிடும் என்று காட்டினார்.

மாற்றிப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்த பெண். குடித்திருந்த ஆண். அடித்தவர் கணவர். மத்திய கிழக்குக்குப் போய் வந்தவள். உடனே செய்தியின் கீழ் வரும் கருத்துகள் எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியும். "அந்த நேரத்தில அங்க என்ன வேல?"

உண்மை நிலை அந்தப் படத்துக்கு நேர்மாறு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடளாவிய ரீதியில் நடத்திய ஆய்வின்படி, ஐந்தில் ஒரு பெண் தன் வாழ்நாளில் கணவனிடமிருந்தோ துணைவனிடமிருந்தோ உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறாள். படுவான்கரைக் கிராமங்களிலும் இது நடக்கிறது, நகரத்து மாடி வீட்டிலும் நடக்கிறது. 'குடும்பத் தகராறு' என்ற தலைப்பில் இரண்டு வரி வந்தால் அதிகம். பிள்ளைகளுக்கு அந்நியரைப் பற்றி எச்சரிக்கிறோம், வீட்டுக்கு வந்துபோகிற மாமாவைப் பற்றி எச்சரிப்பதில்லை.

இதற்கு நேர் எதிரான கொடுமையும் உண்டு. பாதிக்கப்பட்டவருக்காக அழுகிறோம் என்ற பெயரில் அவரையே அம்பலப்படுத்துவது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரையோ அடையாளம் காட்டும் விவரத்தையோ வெளியிடுவது 1995ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் தண்டனைக்குரிய குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பெயரைப் போடாமல், ஊர், பாடசாலை, வகுப்பு, தகப்பனின் தொழில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் சின்னக் கிராமத்தில் யாருக்குத் தெரியாமல் போகும்?

அப்புறம், யாருக்காக அழுகிறோம் என்பது இனத்தையும் பொறுத்தது. தொடக்கத்தில் சொன்ன 1990ஆம் ஆண்டின் மூன்று சம்பவங்களில் எது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது, எது தெரியாது என்று நேர்மையாக யோசித்துப் பாருங்கள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் வளர்ந்தவருக்கும் தமிழ் ஊரான ஆரையம்பதியில் வளர்ந்தவருக்கும் இடையில் சில நூறு மீற்றர்தான். நினைவு தினச் செய்திகளோ வேறு வேறு பத்திரிகையில், வேறு வேறு பக்கத்தில்.

சில குற்றங்கள் செய்தியாகாமலே போயின, எழுதக்கூடியவர்கள் கொல்லப்பட்டதால். மட்டக்களப்பில் ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இதே மண்ணைச் சேர்ந்த தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். இருவரின் கொலைக்கும் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. அதிகாரத்தில் இருப்போரின் குற்றத்தை எழுதினால் உயிர் போகும், கசிப்புக் காய்ச்சியவரின் கைதை எழுதினால் ஒன்றும் ஆகாது என்றிருந்த ஊரில், குற்றவாளி என்றதும் ஏழையின் முகமே நம் மனதில் வருவது தற்செயல் இல்லை.

தண்டனை

2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி வன்புணர்ந்து கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இன்னொரு ஆணும் கைதானார்கள். அவர்களைத் தூக்கில் போடு என்ற குரல் பத்திரிகையிலும் முகநூலிலும் நிறைந்தது. மரபணுப் பரிசோதனை முடிவு வந்தபோது இருவருக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. பிறகு வேறொருவர் கைதாகி, அவருக்கே தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பரிசோதனை முடிவு வருவதற்குள் தூக்குமரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

இலங்கையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23ஆம் திகதி. நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்துக்கொண்டுதான் இருக்கின்றன, நிறைவேற்றப்படுவதில்லை. 2019இல் போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் மரண தண்டனையில் அப்போதைய ஜனாதிபதி கையெழுத்திட்டார், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தூக்கு இருந்தால் குற்றம் குறையும் என்பது செய்திகளின் கீழ் அடிக்கடி வரும் வாதம். அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 2012இல் முப்பது ஆண்டுக்கும் மேலான ஆய்வுகளை அலசிவிட்டு, அவற்றை வைத்து அப்படி எந்த முடிவுக்கும் வர முடியாது என்று அறிவித்தது. தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, பிடிபடுவது எவ்வளவு நிச்சயம் என்பதே குற்றத்தைத் தடுக்கிறது என்பதில் குற்றவியலாளர்களிடையே பரவலான உடன்பாடு இருக்கிறது.

கனடாவில் 1980களில் அந்தனி டூப், ஜூலியன் ரொபர்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே வழக்கு. ஒரு குழுவுக்குப் பத்திரிகைச் செய்தியைக் கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு நீதிமன்ற ஆவணத்தின் சுருக்கத்தை. செய்தியை வாசித்தவர்களில் பெரும்பாலானோர் தண்டனை போதாது என்றார்கள். ஆவணத்தை வாசித்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. நீதிபதி பார்த்ததை அவர்களும் பார்த்தார்கள், அதனால் நீதிபதியின் முடிவு விளங்கியது.

பிணை பற்றிய குழப்பமும் இங்கேதான் வருகிறது. 'பிணையில் விடுதலை' என்ற தலைப்பைப் பார்த்ததும் "காசு குடுத்து வெளிய வந்திட்டான்" என்கிறோம். பிணை என்பது வழக்கு முடியும்வரை வெளியில் இருந்து தவணைக்கு வருவதற்கான ஏற்பாடு. 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே பொது விதி என்று வைத்திருக்கிறது. ஆனாலும் நம் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதி, தண்டனை இன்னும் விதிக்கப்படாத விளக்கமறியல் கைதிகள்.

எங்கிருந்து தொடங்கலாம்

ஒரு நாள் காலை ஒன்பது மணிபோல நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வாங்கில் இருங்கள். நீதிமன்றம் பொதுமக்களுக்குத் திறந்தது என்று அரசியலமைப்பே சொல்கிறது, சில வழக்குகளை மட்டும் மூடிய அறையில் விசாரிப்பார்கள். தாபரிப்புப் பணம் கேட்டுக் கைக்குழந்தையோடு வந்த பெண், அனுமதிப்பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றிய சாரதி, கசிப்பு வழக்கு, குடித்துவிட்டு ஓடிய மோட்டார் சைக்கிள், வேலித் தகராறு என்று ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். செய்தியில் பார்த்த குற்ற உலகம் அங்கே தேடினாலும் கிடைக்காது.

செய்தி வாசிக்கும்போது இரண்டு கேள்வி போதும். இதைச் சொன்னது பொலிஸ் மட்டும்தானா? சந்தேகநபரின் இனமோ மதமோ ஊரோ இந்தக் குற்றத்தோடு தொடர்புள்ளதா, இல்லையென்றால் ஏன் தலைப்பில் இருக்கிறது?

பத்திரிகையில் வந்தது பிழை என்றால் இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் படமோ அடையாளமோ சுற்றுகிறது என்றால் பகிராமல் அழித்துவிட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் கைதாகிப் படம் வந்த ஒருவர் பிறகு விடுவிக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும் என்றால், அவருடைய சம்மதத்தோடு, வழக்கிலக்கத்தையும் தீர்ப்புத் திகதியையும் குறிப்பிட்டு அந்தச் செய்தியைப் போட்ட ஆசிரியருக்கே எழுதுங்கள். முதற்செய்தி இருந்த அதே இணைப்பில் விடுதலையையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.